கொம்பு முளைத்த பெயர்கள்

கல்லறைத் தோட்டத்தில் பதிவெழுதும் ரைட்டர் போன் செய்தபோது பேட்ச்சக்கா சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள். ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் பிடித்துக்கொள்கிற ரகம் அது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க ரைட்டரய்யா" என்றாள்.

"என்னத்தம்மா சொல்றது? ஒருத்தர் மடக்கு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு என் மேஜைக்கு முன்னாடி உக்காந்துட்டாரு. எந்திரிக்க மாட்டேங்கறாரு."

"யாரு?"

"ரிட்டையர்டு ரயில் டிரைவராம். காலைல ஒம்பது மணிலேர்ந்து. டீ குடுத்தேன், குடிச்சாரு. இனிமே போவாருன்னு பாத்தா, கிளாஸைக் கழுவி வச்சிட்டு வந்து மறுபடியும் உக்காந்துக்கிட்டாரு."

பேட்ச்சக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். பதினேழு வருடமாக அந்தக் கம்பெனியில் எந்தப் புரோகிராமில் ஓட்டை விழுந்தாலும் அதன்மேல் ஒரு ஒட்டுப் போட்டு ஓட வைப்பவள் அவள்தான். கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் சின்னக் கம்பெனி. நகராட்சிக்குத் தண்ணீர் வரிப் புரோகிராம், நூலகப் புரோகிராம், கல்லறைத் தோட்டப் புரோகிராம் எல்லாம் இவர்கள் எழுதிக் கொடுத்தவை. உயிரோடு இருப்பவர்கள் எல்லாம் நாளுக்கு நாலு தடவை போன் செய்து உயிரை எடுப்பார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும்தான் தொந்தரவில்லாத கஸ்டமர் என்று மேனேஜர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். ரைட்டர் வருடத்துக்கு ஒருமுறை போன் செய்தால் அதிகம்.

விஷயம் இதுதான். அந்தத் தோட்டத்தில் ஒரு கல்லறைக்கு இருபத்தைந்து வருட உரிமை. அது முடிகிற சமயத்தில் குடும்பத்துக்கு மூன்று கடிதம் போகும். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இன்னொரு இருபத்தைந்து வருடம். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் உரிமை கோருவோர் எவருமில்லை என்று கல்லில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவார்கள். பிறகு கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். இந்த வருடம் அப்படிச் சீட்டு வாங்கியவை நாற்பத்தொரு கற்கள். வருகிற திங்கட்கிழமை மண் தோண்டும் மெஷின் வருகிறது.

"அதுல இவரோட சம்சாரமும் ஒண்ணு" என்றார் ரைட்டர். "ஞாயித்துக்கிழமை தவறாம வர்ற மனுஷன்மா. எனக்கே முகம் தெரியும். யாரும் வரலைன்னு ஒட்டியிருக்கீங்களேன்னு கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல? கம்ப்யூட்டர்ல பேரை அடிச்சுத் தேடறேன், அப்படி ஒரு ஆளே இல்லைங்குது."

"நம்பரை அடிச்சுப் பாருங்க. கல்லு நம்பரை."

தட்டுகிற சத்தம் கேட்டது. ஒற்றை விரல் சத்தம்.

"ஆங், வருது. பேரு ஒரு மாதிரி இருக்கும்மா. மூணாவது எழுத்து இருக்கவேண்டிய இடத்துல கேள்விக்குறி நிக்குது."

டப்பாவின் மூடி அப்போதுதான் திறந்துகொண்டது. பேட்ச்சக்கா அதை அப்படியே மேஜைமேல் வைத்தாள். பசி போன இடம் தெரியவில்லை.

"அந்தம்மா வெளியூர்க்காரங்களா? பேருல இங்கிலீஷ் எழுத்துக்கு மேல குச்சி, புள்ளி மாதிரி ஏதாவது இருக்குமா?"

"ஆமா, கொம்பு வச்ச எழுத்து. கல்லுல தெளிவா இருக்கே."

"நான் நாளைக்குக் காலைல வர்றேன். அவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீங்க யாருன்னு கேட்டா?"

"கம்ப்யூட்டர் அம்மான்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் தேடினாள். புரோகிராமில் யார், எந்த வரியை, என்றைக்கு எழுதினார்கள் என்பதையெல்லாம் ஒரு பதிவேடு தானாக எழுதி வைத்துக்கொண்டே வரும். ஆறு வருடம் பின்னால் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஆறு நாற்பது. அவளுடைய பெயர்.

அன்றைக்குத்தான் கல்லறைத் தோட்டத்தின் பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்குப் பெயர்களை மாற்றினார்கள். இருபத்து மூன்றாயிரம் பெயர்கள். பழைய மெஷினுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். கொம்பு வைத்த எழுத்துக்கும் ஒரே எண்தான். புது மெஷினின் கணக்கு வேறு. சாதாரண எழுத்துக்குப் பழைய எண்ணே போதும். கொம்பு வைத்த எழுத்தென்றால் அதற்கு இரண்டு எண்கள் ஜோடியாக வரவேண்டும். ஜோடியில்லாமல் ஒற்றையாக வந்தால், இது என்ன பாஷை, எனக்குப் புரியவில்லை என்று அங்கேயே நின்றுவிடும். அன்று, நின்ற பெயரைத் தாண்டித் தாண்டி ஓட்டியும், நான்கு முறை ஓடி நான்கு முறையும் நின்றது. 233 என்ற எண்ணில் இரண்டு தடவை, 246-இல் ஒரு தடவை, 252-இல் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் சிவப்பில் அந்த எண்ணைக் காட்டி, காலை ஊன்றிக்கொண்டு நின்றது. பழைய மெஷின் எந்தக் கணக்கில் எழுதியது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் மொத்தமும் ஒழுங்காக மாறியிருக்கும். அது என்ன கணக்கு என்று விசாரிக்க ரைட்டருக்குப் போன் செய்யவேண்டும். ரைட்டர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் வேறு ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். புரியாத எழுத்து வந்தால் அங்கே கேள்விக்குறியைப் போட்டுவிட்டு மேலே போ. அவ்வளவுதான். ஐந்தாவது ஓட்டம் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர், "திங்கக்கிழமை பாத்துக்கலாம்க்கா" என்றார். அவர்தான் இன்றைய மேனேஜர். திங்கட்கிழமை வந்தது, ஆனால் தண்ணீர் வரிப் புரோகிராம் படுத்துவிட்டது. பிறகு அந்தத் திங்கட்கிழமை திரும்பி வரவே இல்லை. பழைய மெஷினைத் துடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அறை வேண்டுமென்று தோட்டத்தின் பழைய பெயர்ப் பதிவேடுகளைக் காகிதக் கூழுக்கு அனுப்பினார்கள்.

அவள் தொழிலில் கெட்டுப்போன எழுத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஜோடி எண்ணைத் தனித்தனியாகப் படித்ததால் வருவது. பெயர் பூச்சி ஊர்ந்த மாதிரி கன்னாபின்னாவென்று தெரியும், பார்க்கிறவர்கள் பதறுவார்கள். ஆனால் எண்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். சாவியைச் சரியாகத் திருப்பினால் பழையபடி வந்துவிடும். இரண்டாவது, இந்தக் கேள்விக்குறி. பார்வைக்குச் சுத்தம். உள்ளே ஒன்றுமே இல்லை.

அவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு கேள்வி பாக்கியிருந்தது. பெயர் கெட்டால் கெட்டுப்போகட்டும், முகவரி இருக்கிறதே, மூன்று கடிதத்தில் ஒன்றுகூடவா போய்ச்சேரவில்லை? கடிதம் அச்சடிக்கும் புரோகிராமைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வரி. பெயரில் எழுத்து அல்லாதது ஏதாவது இருந்தால் அந்தக் கடிதத்தை அச்சடிக்காதே. கேள்விக்குறியோடு துக்க வீட்டுக்குக் கடிதம் போனால் அசிங்கம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். எழுதியவர் மேனேஜர்.

ஆக, கடிதம் போகவே இல்லை. போகாததால் பதில் வரவில்லை. பதில் வராதவர்கள் எல்லோரும் வரிசையாகப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று இடத்தில் மூன்று பேர், தங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்திருந்தார்கள். அதில் மூன்றாமவர் பட்டியலில் கையெழுத்துப் போட்ட நகராட்சி அதிகாரி; மற்ற இரண்டு பேர் இந்த மாடியில் இருந்தார்கள்.

மேனேஜர் அறைக்குக் கதவு உண்டு, ஆனால் தாழ்ப்பாள் கிடையாது. அவரும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் இரண்டு வயது சின்னவர். மீட்டிங்கில் சார், தனியாக இருந்தால் தம்பி.

"நகராட்சிலேர்ந்து எனக்கும் போன் வந்துச்சுக்கா" என்றார், அவள் வாயைத் திறப்பதற்குள். "மெயில் ரெடி பண்ணிட்டேன். பேரைத் தட்டும்போதே ரைட்டர் தப்பாத் தட்டியிருக்காரு. டேட்டா என்ட்ரி மிஸ்டேக். நம்ம சைடுல ஒண்ணும் இல்ல."

"ஆதாரம் இருக்கா?"

"இல்லைங்கறதுக்கு ஆதாரம் இருக்கா? அவருக்குக் கொம்பு எழுத்தெல்லாம் தட்டத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம். ஒத்தை விரல்ல தட்டற ஆளு."

"அவரை என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, ஒரு விசாரணை வைப்பாங்க. வேற சீட்டுக்கு மாத்துவாங்க. நமக்கு அடுத்த மாசம் மூணு நகராட்சி ஒப்பந்தம் கையெழுத்தாகுது. இந்தப் பன்னிரண்டு பேரும் எங்க போவாங்க?"

"அந்த நாற்பத்தொரு கல்லு எங்க போகும் தம்பி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வியாலா, குரலாலா, தெரியவில்லை. "ஆர்டர் கையெழுத்தாயிடுச்சுக்கா. பட்டியலை நிறுத்தணும்னா புரோகிராம்ல தப்புன்னு கம்பெனி எழுத்துல குடுக்கணும். அதுவும் நாளைக்குள்ள. யாரு குடுக்கறது?"

தன் வரியையும் அவர் வரியையும் அவள் சொன்னாள். தேதியோடு சொன்னாள். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்க அப்படி நினைக்கறீங்க" என்றார் கடைசியில். "நாற்பத்தொண்ணும் அப்படித்தானா? சிலது ரைட்டர் தப்பா இருக்கலாம், சிலதுக்கு நிஜமாவே ஆளு இல்லாம இருக்கலாம். பாத்தீங்களா?"

அது நியாயமான கேள்வி. அதனால்தான் அது அவளுக்குப் பிடித்திருந்தது. "பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் மெயிலை அனுப்பாதீங்க" என்றாள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்" என்றார் மேனேஜர்.

அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். அன்று மாலை வாசல் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே கதையை முழுக்கக் கேட்டார். கம்ப்யூட்டர் சங்கதி எதுவும் அவருக்குப் பிடிபடாது. ஆனால் எதைச் சொன்னாலும் குழாய்க்குள் விட்டுப் பார்த்துவிடுவார்.

"அதாவது, சுவத்துல ஈரம். நீ லீக்கு எங்கேன்னு தேடல. மேல பெயிண்ட் அடிச்சிட்ட."

"ஆமா."

"ஆறு வருஷமா உள்ளுக்குள்ள ஒழுகியிருக்கு."

"ஆமாங்கறேன்ல."

"கோச்சுக்காத. நான் மட்டும் பண்ணாததா? அந்த டாக்டர் வீட்டு மாடில பண்ணிருக்கேன்."

"இது எப்போ? எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னா நீ ஒட்டுப் போடச் சொல்லுவ." துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "அதுலேர்ந்து அந்தத் தெருப் பக்கமே போறதில்ல. கடைத்தெருவைச் சுத்திதான் வீட்டுக்கு வர்றேன்."

"நேரா வந்தா?"

"நாலு நிமிஷம். சுத்தினா பதினொண்ணு." துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "எட்டு வருஷமாச்சு" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை அவள் போனபோது தோட்டத்துக் கேட்டில் பனி ஈரம் காயவில்லை. ரைட்டரின் அறை என்பது ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சாவிகள் தொங்கும் ஒரு பலகை. மேஜைக்கு முன்னால் மடக்கு ஸ்டூலில், எழுபத்தைந்துக்கு மேல் சொல்லக்கூடிய ஒருவர் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். மடித்த செய்தித்தாளை முழங்கால்மேல் வைத்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"கம்ப்யூட்டர் அம்மா நீங்கதானா?"

"நான்தாங்க."

"முப்பத்தோரு வருஷம் ரயில் ஓட்டியிருக்கேன். சிக்னல் இல்லாம வண்டியை எடுத்ததில்ல. உங்க சிவப்பை நீங்களே எடுக்கற வரைக்கும் இங்கதான் நிப்பேன்." உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்.

ரைட்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மேனேஜர் சார் காலைல போன் பண்ணாரு" என்றார். "நான் தட்டினதுல தப்பாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் மேஜைக் கண்ணாடியைச் சற்றுத் தூக்கி, அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். மஞ்சளாகிப்போன கோடு போட்ட காகிதம். இடது பக்கம் எழுத்துகள், வலது பக்கம் எண்கள். எல்லாம் குண்டு குண்டான கையெழுத்து.

"பழைய மெஷின் கீபோர்டுல கொம்பு எழுத்துக்குன்னு தனிப் பொத்தான் கிடையாது. ஆல்ட்டுங்கற பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மொதல்ல ஒரு சைபர், அப்பறம் நம்பர். இருநூத்தி முப்பத்திமூணு அடிச்சா வலது பக்கம் ஏறுற குச்சி. முப்பத்திரெண்டுன்னா இடது பக்கம் ஏறுற குச்சி. நாப்பத்தியாறு, ஓவுக்கு மேல ரெண்டு புள்ளி. அம்பத்திரெண்டு, யூவுக்கு மேல ரெண்டு புள்ளி. செத்தவங்க பேராச்சேன்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாத்துத் தட்டினேன்மா. ஒத்தை விரல்தான். ஆனா தப்பா தட்டல."

233. 246. 252. பேட்ச்சக்காவுக்கு அந்த எண்களை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிவப்பில் வந்து அவளுடைய புரோகிராமை வழிமறித்து நின்ற எண்கள் அவை. இவர் இங்கே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டி அனுப்பியதுதான் அங்கே வந்து நின்றிருக்கிறது. அவள் அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள்.

"தெரியும் ரைட்டரய்யா" என்றாள். "வாங்க, கல்லைப் பாப்போம். நாற்பத்தொண்ணையும்."

மூன்று பேரும் கிளம்பினார்கள். ரைட்டர் கையில் தேய்க்கும் பிரஷ்ஷும் ஒரு வாளி தண்ணீரும். டிரைவர் ஸ்டூலை மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் கையில் பட்டியல். புல்லுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனது. மெஷின் வருவதற்காகச் சுண்ணாம்பால் போட்டது என்றார் ரைட்டர். அந்தக் கோட்டையொட்டியே நடந்தார்கள். சிவப்புச் சீட்டு ஒட்டிய கல்லுக்கு முன்னால் நிற்பார்கள். ரைட்டர் குனிந்து பார்த்து, காகிதத்தைப் பார்க்காமலேயே, "முப்பத்திமூணு" என்பார். அவள் டிக் அடிப்பாள். அடுத்த கல். "நாப்பத்தொண்ணு, பாம்பு மாதிரி நெளியறது." டிக். "முப்பத்தொண்ணு, அடியில வால்." டிக். முன்னால் வரும் இருநூறை அவர் விட்டுவிட்டார். யாருக்கு என்ன நம்பர் என்பது அவருக்குச் சொந்தக்காரர் வீட்டு விலாசம் மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது கல் டிரைவருடையது. அவர் மனைவியுடையது. "இந்தக் குச்சியை மேஸ்திரி மொதல்ல விட்டுட்டான்" என்றார் டிரைவர். "என்ன பெரிசு, இத்துனூண்டு குச்சிங்கறான். உன் பேர்லேர்ந்து ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். மறுநாள் உளியோட வந்தான்." சீட்டை அவர் தொடவில்லை. அதன் ஓரம் பனியில் லேசாகக் கிளம்பியிருந்தது. அதை யாராவது மறுபடி அழுத்தி ஒட்டிவிடாமல் காவல் காப்பதுபோல், கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இருபத்தாறு வரை எல்லாவற்றிலும் டிக். இருபத்தேழில் ரைட்டர் எதுவும் சொல்லவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். கறுத்த கல், ஐந்தெழுத்துப் பெயர். எழுத்துகளுக்கு மேல் ஒன்றுமே இல்லை. மொட்டையாக இருந்தது.

உள்ளே ஏதோ இலேசானது. மேனேஜர் சொன்னதுதான் சரியோ? இது ஒன்று அப்படியென்றால் இன்னும் நாலு அப்படி இருக்கலாம். கடைசியில் இது யாருடைய தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாமல் போகலாம். யாருடையது என்று சொல்ல முடியாத தப்பை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ரைட்டருக்கு ஒரு சீட்டு மாறும். தனக்கு ஒன்றும் ஆகாது. இத்தனையும் ஒரு மூச்சுக்குள் ஓடி முடிந்தது. முடிந்த பிறகுதான், தான் சந்தோஷப்பட்டதை அவள் கவனித்தாள். அதுவும் எதைப் பார்த்து! ஆளில்லாத ஒரு கல்லைப் பார்த்து.

"பட்டியல்ல கேள்விக்குறி இருக்கா?" என்று கேட்டார் ரைட்டர்.

"இருக்கு. நாலாவது எழுத்து."

அவர் வாளியைச் சாய்த்தார். தண்ணீர் கல்லில் வழிந்து எழுத்துகளுக்குள் ஓடியது. பிரஷ்ஷால் தேய்த்தார். பாசி பச்சையாகக் கரைந்து இறங்கியது. நாலாவது எழுத்துக்கு மேலே கறுப்பாக ஒரு திட்டு மட்டும் போகவில்லை. அவளே மண்டியிட்டு உட்கார்ந்து நகத்தால் சுரண்டினாள். காய்ந்த பொருக்கு ஒன்று உரிந்து வந்தது. பார்வைக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. விரல் நுனியை வைத்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். மிளகு அளவு.

"ரெண்டு புள்ளி" என்றாள்.

"யூவா?"

"யூ."

"அம்பத்திரெண்டு" என்றார் ரைட்டர், பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுக்கொண்டே.

மீதிப் பதினாலைப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிக் கல்லில் டிக் அடித்தபோது மணி பதினொன்றரை. டிரைவர் ஸ்டூலை விரித்து அவளுக்கு முன்னால் போட்டார். முழங்காலெல்லாம் ஈரத்தோடு அவள் அதில் உட்கார்ந்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நாற்பத்தொண்ணுக்கு நாற்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் பேனா மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"ரைட்டர் சரியாத்தான் தட்டியிருக்காரு. எந்த நம்பரைத் தட்டினாருன்னு அவர்கிட்ட காகிதம் இருக்கு. நம்ம புரோகிராம் எந்த நம்பர்ல நின்னுச்சுன்னு எங்கிட்ட இருக்கு. ரெண்டும் ஒண்ணு. இங்கேர்ந்தே நகராட்சிக்கு எழுதறேன்."

"என் வரியையும் போடுவீங்களா?"

"ரெண்டு வரியையும் போட்டாத்தான் கடிதம் ஏன் போகலைங்கறது அவங்களுக்குப் புரியும். உங்க வரிக்குத் தேதி மட்டும் போடறேன். என் வரிக்கு என் பேரையே போட்டுடறேன். எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? ஒழுங்காப் போய்ச் சேரும்."

மேனேஜர் சிரிப்பாரென்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. "அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்றார்.

"காட்டறேன். மாத்த மாட்டேன்."

"சரி" என்பதுபோல ஏதோ சொன்னார். சரிதானா, வேறு ஏதாவதா என்று கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

அவள் எழுதினாள். எப்போதும் ஒரு மெயிலுக்கு மூன்று முறை அழித்து எழுதுகிறவள், இதை ஒரே மூச்சில் எழுதினாள். இன்ன தேதியில் இன்ன வரி, அதனால் பெயர் கெட்டது. இன்ன தேதியில் இன்ன வரி, அதனால் கடிதம் போகவில்லை. நாற்பத்தொரு குடும்பத்துக்கும் யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. தோட்ட அலுவலகத்தின் தட்டச்சில் தவறில்லை. திங்கட்கிழமை வேலையை நிறுத்திவைத்து முதல் கடிதத்திலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டும். கீழே தன் பெயர். அதை வாட்ஸப்பில் மேனேஜருக்குக் காட்டினாள். பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீல நிற டிக் விழுந்தது. பதில் இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு நகராட்சிக்கு அனுப்பினாள்.

"இப்போ?" என்றார் டிரைவர்.

"அவங்க பதில் போடணும்."

"போடுவாங்களா?"

"தெரியலீங்க."

"எங்களுக்கு வரவேண்டிய லெட்டரும் இப்படித்தான்" என்றார் அவர். குத்தலா, சாதாரணமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு வரவில்லை. கெட்டது பட்டியலில் இருக்கும் நாற்பத்தொன்று மட்டுமல்ல. கேள்விக்குறி விழுந்த பெயர்கள் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று காலையில் வரும்போதே எண்ணியிருந்தாள். கல்லைத் தவிர அவற்றுக்கு வேறு சாட்சி இல்லை. ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பார்த்துத்தான் திருத்தவேண்டும். போனில் புரோகிராமைத் திறந்தாள். பன்னிரண்டாவது கல்லுக்கு நடந்து திரும்பினாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போது செருப்பின் ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

கேள்விக்குறியை அழித்தாள். அங்கே வரவேண்டிய எழுத்தின்மேல், போனின் தட்டச்சுப் பலகையில், விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தாள். எழுத்து நடுங்குவதுபோல் ஒருதரம் அசைந்தது. அதன் தலைக்குமேல் சின்னச் சின்னக் கொம்புகளோடு ஏழெட்டு எழுத்துகள் வரிசையாக எழும்பி நின்றன. ஒன்றைத் தொட்டாள். போனைத் திருப்பி டிரைவரிடம் காட்டினாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். போனை வாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார்.

"இது இல்ல" என்றார். "குச்சி இந்தப் பக்கம் ஏறணும்."

"முப்பத்திமூணு" என்றார் பின்னாலிருந்து ரைட்டர்.

அவள் போனை வாங்கி அழித்துவிட்டு, எழுத்தின்மேல் மறுபடியும் விரலை வைத்து அழுத்தினாள். கொம்புகள் எழும்புவதற்காக மூன்று பேரும் குனிந்து காத்திருந்தார்கள். கல்லில் சிவப்புச் சீட்டின் கிளம்பிய ஓரம் காற்றுக்கு மெல்லப் படபடத்துக்கொண்டிருந்தது.